வெளியேறும் நேரத்தில் துப்பாக்கி: எதை எடுப்பது, எதை விட்டுப் போவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூறாவளி வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால் கையோடு எடுத்துப் போக வேண்டியவை என்று டெக்சஸ், லூசியானா, புளோரிடா வாழ் தமிழர்களுக்காக உங்கள் நாளிதழில் வந்த பட்டியல் பயனுள்ளது. அதைத் தொடர்ந்து வந்த வாசகர் கடிதங்களில்தான் ஒரு விஷயம் உறுத்துகிறது. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எதை எடுத்துச் செல்வது என்ற கேள்விக்கு, 'வீட்டில் இருப்பதையெல்லாம் வண்டியில் ஏற்றுங்கள்' என்கிறார் ஒருவர். 'ஒரு ரைபிள், ஒரு ஷாட்கன், ஒரு பிஸ்டல், ஆயிரம் தோட்டா' என்கிறார் இன்னொருவர். இவற்றை நம்பி யாரும் மூட்டை கட்டிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். சட்டப்படி உரிமையும் போதிய பழக்கமும் உள்ள குடும்பத்துக்குச் சரியான எண்ணிக்கை ஒன்று. மற்றப் பலருக்கு அது பூஜ்யம்.

முதலில் எதற்காகக் கிளம்புகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். 2005 செப்டம்பரில் ரீட்டா சூறாவளிக்குப் பயந்து ஹூஸ்டன் வட்டாரத்திலிருந்து 25 லட்சம் பேருக்கு மேல் கிளம்பினார்கள். சாதாரண நாளில் நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் டாலஸுக்கு 20 மணி நேரத்துக்கு மேல் ஆனவர்கள் உண்டு. அந்த வெளியேற்றத்திலேயே 100 பேருக்கு மேல் இறந்தார்கள். டாலஸ் அருகே முதியோர் இல்லத்துப் பஸ் ஒன்று தீப்பிடித்ததில் மட்டும் 23 பேர். மற்றப் பலரைப் பலி வாங்கியது வெயிலும் நெரிசலும். வழிப்பறிக்காரனிடம் மாட்டிச் செத்தவர்களின் கதையல்ல அது. ஆகவே டிக்கியில் இடத்தை முதலில் பிடிக்க வேண்டியது தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது செஞ்சிலுவைச் சங்கம் சொல்லும் கணக்கு. நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 12 கேலன், ஏறக்குறைய 45 கிலோ. அதன்மேல் பெட்ரோல், இன்சுலின் போன்ற மருந்துகள், குழந்தைச் சாமான்.

இப்போது அந்த 'மூன்று துப்பாக்கி, ஆயிரம் தோட்டா' கணக்கைப் போடுவோம். ஏஆர் வகை ரைபிள் சுமார் 3 கிலோ. பம்ப் ஷாட்கன் (குழலுக்கு அடியிலுள்ள பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) 3.2 கிலோ. 15 தோட்டா நிரப்பிய நடுத்தர 9 எம்எம் பிஸ்டல் 850 கிராம். ரைபிள் தோட்டாவும் 9 எம்எம் தோட்டாவும் தலா 12 கிராம் அளவில் இருக்கும். ஆயிரம் என்றால் 12 கிலோ. 12 கேஜ் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது) ஷாட்கன் தோட்டா ஒன்று 45 முதல் 50 கிராம். 25 கொண்ட ஒரு பெட்டியே 1.2 கிலோ. உறை, பெட்டி, மேகஜின்கள் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூடுகள்) சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். வழியில் வண்டி நின்றுபோய் நடக்க நேர்ந்தால் இதில் எதையும் தூக்க முடியாது. ஆள் இல்லாத காரில் விட்டுப் போகவும் கூடாது. அமெரிக்காவில் திருட்டுப் போகும் துப்பாக்கிகளில் பெரும் பங்கு நிறுத்தி வைத்த கார்களிலிருந்து போவதுதான். கையைவிட்டு நகராமல் வைத்துக்கொள்ளக் கூடிய அளவே உங்கள் அளவு.

அதனால்தான் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒரு கைத்துப்பாக்கி. ஒரு பிஸ்டல், கூடுதலாக ஒரு மேகஜின், 50 தோட்டா கொண்ட ஒரு பெட்டி, எஃகுக் கம்பி வடம் உள்ள சின்னப் பூட்டுப் பெட்டி. எல்லாம் சேர்ந்து நாலு கிலோவுக்குள் அடங்கும். வடத்தை இருக்கையின் இரும்புச் சட்டத்தில் சுற்றிப் பூட்டலாம். விடுதி அறையில் கட்டில் சட்டத்தில் பூட்டலாம். விடுதிக்காரர்கள் அலமாரியில் வைத்திருக்கும் பெட்டகத்தை ஊழியர்களாலும் திறக்க முடியும், அதை நம்ப வேண்டாம். பல பிஸ்டல்கள் இருந்தால் எது என்றால், உங்கள் கை எதில் அதிகம் பழகியிருக்கிறதோ அதுதான். விலை உயர்ந்ததும் அல்ல, புதிதாக வாங்கியதும் அல்ல. கடந்த ஆறு மாதத்தில் ஒருமுறைகூடச் சுடாத துப்பாக்கியை அவசர காலத்துக்கு உரியதாகக் கருத வேண்டாம். அந்த வீட்டில் யாருக்குமே அந்தப் பழக்கம் இல்லை என்றால், எதையும் எடுக்காமல் இன்னும் ஒரு கேன் தண்ணீரை ஏற்றுங்கள்.

ஷாட்கனைப் பரிந்துரைப்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. பெரும்பாலான ஷாட்கன்களில் பாதுகாப்புப் பொத்தான் டிரிகரை மட்டுமே தடுக்கிறது. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் தோட்டாவோடு துப்பாக்கி கீழே விழுந்தாலோ வண்டிக்குள் மோதினாலோ அந்தப் பொத்தானை நம்ப முடியாது. பழக்கமில்லாதவர் கையில் பம்ப் முழுதாகப் பின்னே வராமல் பாதியில் திரும்பும், தோட்டா சிக்கும். இன்னும் மோசமானது அவசரத்தில் பெட்டிகள் கலந்துபோவது. மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா ஒன்று 12 கேஜ் துப்பாக்கிக்குள் போனால், அது வெடிக்காமல் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நிற்கும். 'தோட்டா போகவில்லை' என்று நினைத்து அதன் பின்னால் ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்து இடது கையைக் கொண்டுபோய்விடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். ரைபிளிலும் இதே ஆபத்து உண்டு: .300 பிளாக்அவுட் என்னும் தடித்த குண்டுள்ள தோட்டா, அதைவிடச் சிறிய 5.56 எம்எம் தோட்டாவுக்கான ரைபிளின் மேகஜினிலும் அறையிலும் புகுந்துவிடும், சுட்டால் ரைபிள் சிதறும். ஒரு வீட்டில் இந்த ஜோடிகளில் இரண்டும் இருந்தால், வெளியேறும் பையில் ஒரு வகைத் தோட்டா மட்டுமே இருக்க வேண்டும்.

தோட்டாவை நிரப்பும்போதும் எடுக்கும்போதும் விபத்து எளிதில் நடந்துவிடும். மின்சாரம் போன இருட்டில், பிள்ளைகள் அழும்போது, பக்கத்து வீட்டு வண்டி ஹார்ன் அடிக்கும்போது பிஸ்டலைக் காலி செய்கிறார் ஒருவர். முதலில் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்கிறார். ஒரு தோட்டா வெளியே தெறிக்கிறது. பிறகு மேகஜினை உருவுகிறார். காலி என்று நினைக்கிறார். ஆனால் ஸ்லைடு முன்னே போனபோதே மேகஜினிலிருந்து அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிவிட்டது. சரிபார்ப்பதாக டிரிகரை அழுத்துகிறார், வெடிக்கிறது. வரிசை மாறவே கூடாது: துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, முதலில் மேகஜினை உருவி எடுத்து, பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, கடைசியில் பின்னே பிடித்து வைத்துக்கொண்டு சுண்டுவிரல் நுனியை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணை நம்பக் கூடாது, விரலை நம்பலாம். பாதுகாப்பான திசை என்பதும் மரச் சட்ட வீடுகளில் எளிதல்ல. ஜிப்சம் பலகைச் சுவர் தோட்டாவை நிறுத்தாது. புத்தகம் நிறைந்த அலமாரி, மணல் நிரப்பிய வாளி, வெளியே வெற்று மண்தரை இவைதான் திசை.

ஒருமுறை காலி செய்து பெட்டியில் பூட்டியபின் போய்ச் சேரும்வரை திறக்காதீர்கள். பெட்ரோல் பங்கில் எடுத்துப் பார்ப்பது, இருக்கைக்கு அடியிலிருந்து டாஷ்போர்டு அறைக்கு மாற்றுவது என்று ஒவ்வொரு முறை தொடுவதும் ஒரு புதிய வாய்ப்பு. உறை இல்லாமல் கைப்பையிலோ டயாப்பர் பையிலோ போடுவதை ஒருபோதும் செய்யக் கூடாது. சாவிக் கொத்து, பேனா, பையின் நாடா எது வேண்டுமானாலும் டிரிகருக்குள் நுழையும். காரின் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள் இருக்கும் இடத்தில் துப்பாக்கியை வைக்கவே வேண்டாம். போலீஸ்காரர் காரை நிறுத்தி ஆவணம் கேட்கும்போது, அவர் கண்முன்னே துப்பாக்கி இருக்கும் அறைக்குள் கையை விடுவது உயிரோடு விளையாடுவது.

இனி நம்மவர்களுக்கு மிக முக்கியமானது. எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. 'வைத்திருப்பது' என்றால் வாங்குவது மட்டுமல்ல. நண்பரின் பெட்டியை உங்கள் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போவதும், சாவி உங்கள் கையில் இருப்பதும் வைத்திருத்தலாகக் கருதப்படலாம். தண்டனை 15 ஆண்டு வரை. கூடவே நாடு கடத்தலுக்கும் அது காரணமாகும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே வெளியேறும் கூட்டத்தில் யார் வண்டியில் யார் என்று பிரிக்கும்போதே இதை யோசிக்க வேண்டும். கணவர் கிரீன் கார்டு, மனைவியின் தம்பி எச்-1பி என்றால், தம்பி ஓட்டும் காரில் அந்தப் பெட்டி போகக் கூடாது. சாவியும் அவரிடம் இருக்கக் கூடாது.

இந்தத் தடையில் ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலம் தந்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அதை நம்பி வாங்கியவர்கள் நம் ஊர்க்காரர்களிலும் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டிய தேதி ஆகஸ்ட் 31. டெக்சஸின் வழக்கமான வேட்டை லைசென்ஸ் அன்றோடு முடிகிறது. சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்றாலும் உச்சம் செப்டம்பரில்தான். ரீட்டாவும் 2008-இன் ஐக்கும் செப்டம்பரில் வந்தவை. புதுப்பிக்க மறந்தவர் செப்டம்பர் 1 காலையில், தன் வீட்டில் பூட்டி வைத்த துப்பாக்கிக்கே சட்ட விரோதமாகச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். அதைக் காரில் எடுத்துக்கொண்டு மாநில எல்லை தாண்டுவது அடுத்த தவறு. விசாவில் இருப்பவர்கள் ஆகஸ்ட் நடுவில் அடுத்த ஆண்டுக்கான லைசென்ஸ் விற்பனைக்கு வந்ததுமே புதுப்பித்து, அந்தத் தாளின் நகலைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். தங்கள் நிலைமையில் சிறிது குழப்பம் இருந்தாலும் முன்கூட்டியே குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

'போலீஸ் பறித்துக்கொள்ளும்' என்று ஒரு வாசகர் பயந்திருந்தார். 2005-இல் கத்ரீனாவுக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் அப்படி நடந்தது உண்மை. அதனால்தான் 2006-இல் பேரிடர் நேரத்தில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: மீட்புப் படகிலோ பஸ்ஸிலோ ஏற வேண்டுமானால் துப்பாக்கியைத் தற்காலிகமாக ஒப்படைக்கச் சொல்லலாம், பயணம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். சொந்த வண்டி இல்லாமல் அரசு பஸ்ஸை நம்பி இருப்பவர்கள் எதையும் எடுக்காமல் கிளம்புவதே நல்லது. செஞ்சிலுவைச் சங்க முகாம்களுக்குள் ஆயுதம் அனுமதிக்கப்படுவதில்லை. முகாம்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடங்களில் நடக்கின்றன. பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குக் கூட்டாட்சித் தடை உண்டு. தோட்டா எடுக்கப்பட்டு, பூட்டிய பெட்டியில் வண்டிக்குள் இருந்தால் அதற்கு விலக்கு. முகாமைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத குடும்பத்துக்கு என் பதில் மறுபடியும் பூஜ்யம்தான். எடுத்துப் போனால் நீங்கள் முகாமுக்குள்ளே, துப்பாக்கி வெளியே ஆள் இல்லாத காரில் என்று ஆகும்.

டெக்சஸில் பேரிடர் அறிவிப்புக்குப் பின் 168 மணி நேரம் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு வெளியேறலாம் என்று 2019-இல் சட்டம் வந்தது. 2021 முதல் 21 வயதானவர்களில் பெரும்பாலோருக்கு அந்த லைசென்ஸே தேவையில்லை. இந்தத் தாராளம் மாநில எல்லையோடு நின்றுவிடும். எல்லை தாண்டும்போது துணைக்கு வருவது 1986-இன் கூட்டாட்சிச் சட்டம்: கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும், தோட்டா நீக்கப்பட்டிருக்க வேண்டும், துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத எஸ்யூவி, மினிவேன் என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம், டாஷ்போர்டு அறையும் நடுப்பெட்டியும் அதில் சேராது. நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று கிளம்புகிறவர்கள் வீட்டிலேயே நின்று யோசியுங்கள். அங்கே 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகஜினே குற்றம். நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 10தான் வரம்பு. டெக்சஸில் வாங்கும் சாதாரண பிஸ்டலோடு பெட்டியில் வருவதே 15 அல்லது 17. குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்த, பதிவு செய்யப்பட்ட ரைபிள் வைத்திருப்பவர்கள் மாநிலம் தாண்டும் முன் ஏடிஎஃப் என்னும் கூட்டாட்சித் துப்பாக்கிக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி பெற வேண்டும், அது புயல் வரும் வாரத்தில் கிடைக்கிற காரியமல்ல.

இன்னொருவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் போனில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று குடும்பம், ஏழெட்டுக் குழந்தைகள், கூடத்தில் விரித்த பாய் என்று இருக்கும் வீட்டுக்குள், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் துப்பாக்கியைக் கொண்டு போவது பெரிய துரோகம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். டெக்சஸில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு வைத்து, அது 17 வயதுக்குட்பட்டவர் கைக்குக் கிடைத்தால் குற்றம், அது யார் வீடானாலும். பெட்டியின் எண் பூட்டில் பிறந்த நாளை வைக்காதீர்கள். பிள்ளைகள் முதலில் முயல்வது அதைத்தான். திரும்பும்போது 'கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும்' என்று வேறு மாநிலத்து நண்பரிடம் விட்டு வருவதும் கூடாது. உரிமம் பெற்ற வியாபாரி மூலமாக அல்லாமல் வேறு மாநிலத்தவரிடம் துப்பாக்கியைக் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது.

விட்டுப் போகும் துப்பாக்கிகளுக்கும் வேலை இருக்கிறது. எல்லாவற்றிலும் தோட்டாவை எடுத்துவிடுங்கள். இது திருடனுக்காக மட்டுமல்ல, தீயணைப்பு வீரருக்காகவும். பெட்டியில் இருக்கும் தோட்டா தீயில் வெடித்தால் உறைத் துண்டுகள்தான் பறக்கும், குண்டுக்கு வேகம் இருக்காது. வீரரின் பாதுகாப்பு உடை தாங்கும். அறைக்குள் இருக்கும் தோட்டா சூட்டில் வெடித்தால் குழல் வழியே முழு வேகத்தில் பாயும். போல்ட் ரைபிள்களில் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும், கழற்றக்கூடிய எஃகுத் தண்டை) உருவி, எந்த ரைபிளுடையது என்று சீட்டு ஒட்டி, ஒரு பையில் கட்டி எடுத்துப் போகலாம். நாலைந்து போல்ட் சேர்ந்தாலும் இரண்டு கிலோ அளவுதான். திருடனிடம் மிஞ்சுவது சுட முடியாத கட்டை. சீட்டு அவசியம். ஒவ்வொரு போல்ட்டும் அதன் குழலுக்கென்று அளவு பார்த்துப் பொருத்தப்பட்டது, மாற்றிப் போட்டுச் சுட்டால் முகத்தில் வெடிக்கக் கூடும். பெட்டகம் தரைத்தளத்தில் இருந்து வீடு மாடி வீடானால், பூட்டிய சின்னப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுங்கள். பெட்டகத்தைத் தரையோடு முடுக்கிய ஓட்டை வழியாகவே வெள்ளம் உள்ளே வரும். 'தீயைத் தாங்கும்' என்று எழுதியிருப்பது தண்ணீரைத் தாங்கும் என்பதல்ல. ஸ்பாஞ்சு பதித்த பெட்டியிலோ தோல் உறையிலோ வைத்து மூடாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும்.

ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் இன்றே படம் எடுத்து வையுங்கள். சட்டத்துக்குக் கணக்கு உடற்சட்டத்தில் பொறித்த எண்தான், குழலில் இருப்பது அல்ல. 1968-க்கு முந்தைய சில .22 ரைபிள்களிலும் ஷாட்கன்களிலும் எண்ணே இருக்காது. அவற்றுக்குக் கீறல், கட்டையின் மர வரி தெரியும்படி நான்கு கோணத்தில் படம் வேண்டும். பல வீட்டுக் காப்பீடுகளில் துப்பாக்கித் திருட்டுக்கு மொத்தமே 2,500 டாலர் வரம்பு. அதற்கு மேல் மதிப்புள்ளவர்கள் தனிச் சேர்க்கை வாங்க வேண்டும்.

திரும்பி வந்து பார்க்கும்போது தீயில் மாட்டிய பெட்டகம் என்றால் நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் காகிதம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொள்ளும். சூட்டில் வெந்த துப்பாக்கியின் எஃகும் சுருள்வில்லும் உறுதி இழந்திருக்கலாம், துப்பாக்கி மெக்கானிக் பார்த்துச் சொல்லும்வரை சுடக் கூடாது. வெள்ளத்தில் மூழ்கியதை முதலில் காலி செய்து, பிரித்து, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். மரக் கட்டையைத் தனியே கழற்றி நிழலில் மெதுவாகக் காய வையுங்கள். ஹீட்டர் முன்னால் வைத்தால் கட்டையில் விரிசல் விழும். மூழ்கிய தோட்டாக்களைக் காய வைத்துப் பயன்படுத்தவே கூடாது. மருந்து பாதி நனைந்த தோட்டா குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு நிற்கும். 'டப்' என்று சின்னச் சத்தம்தான் கேட்கும், அடுத்த தோட்டா குழலைக் கிழிக்கும். அவற்றைக் குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள், குப்பை வண்டியின் அழுத்து இயந்திரத்தில் வெடிக்கலாம். ஒரு வாளியில் தனியே வைத்து, உள்ளூர்ப் போலீஸ் நிலையத்துக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ போன் செய்து, எங்கே ஒப்படைப்பது என்று கேட்டு அங்கே கொண்டு போய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹூஸ்டன், டெக்சஸ்.